சுபுஹுக்குப் பின் ஒரு மிஸ்டு கால்

உத்திரமேரூர்
12.11.2007

அன்பு மகள் ஷாஜியாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் அம்மாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். உன் சுகத்தை வழக்கம்போல் விசாரிக்க முடியவில்லை, உன்னோடு தங்கியிருக்கும் ரேணுகா நேற்று கடைக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவள்மேல் கோபப்படாதே, பயந்துபோய்த்தான் சொன்னாள்.

விடியற்காலையில் சுபுஹு தொழுதுவிட்டு நான் மிஸ்டு கால் கொடுப்பதும், நீ ஷூ மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பும்போது திருப்பிக் கொடுப்பதும் நம் ஏற்பாடு. நோன்பு மாதம் நடை வேண்டாம், பெருநாள் கழித்துப் பார்க்கலாம் என்றாய், சரி என்றேன். பெருநாள் கழிந்ததிலிருந்து தினமும் உன் மணி அடித்தது, நானும் மகள் புனேயில் நடக்கிறாள் என்று நிம்மதியாகக் கடை திறந்தேன். நீயோ போர்வைக்குள் படுத்தபடியே பட்டனை அமுக்கிவிட்டு அழுதிருக்கிறாய். அம்மாவிடம் சொன்னதும், "பொண்ணு அங்க அய்துகினு கீது, நீ இன்னா இங்க செருப்பு வித்துகினு கீற?" என்று என்னைத்தான் பிடித்துக்கொண்டாள்.

போனில் சொன்னால் சரி அத்தா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், மேசைமேல் போட்டு மறந்துவிடாமல் நின்றபடியே படித்து முடி. உனக்கு ஏ.டி.எச்.டி. என்று சொன்ன டாக்டர், மாத்திரையோடு தினசரி நடையும் வேண்டும் என்றார். நடந்த மாதங்களில் ஆபீஸில் ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை முடிக்க முடிகிறது என்று நீயே பூரித்தாய். இப்போது மேனேஜர் எச்சரித்துவிட்டாராம், நீ எதற்கும் லாயக்கில்லாதவள் என்று உன்னையே திட்டிக்கொண்டு ராஜினாமா எழுதப் போகிறாயாம். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வேலை போனால் வேறு வேலை தேடலாம், உன்னை நீயே கைவிடுவதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன்? ஒரு வேளைத் தொழுகை தவறினால் பிறகு களாவாகத் தொழுது ஈடுகட்டுகிறோமே, இனித் தொழவே வேண்டாம் என்று யாராவது சொன்னார்களா? காலை நடை தவறினால் மாலையில் நட. ஒரு மணி நேரமா என்று மலைக்காதே, கேட் வரை போய் வந்தாலும் நடைதான். ஷூவைக் குளியலறை வாசலிலேயே வை, ஒன்று தொலைந்தால் சொல், செருப்புக் கடைக்காரன் மகளுக்கு அதற்கா பஞ்சம்.

அல்லாஹ் உன் மனதுக்கு அமைதியும் காலுக்குத் தெம்பும் தருவானாக. காலை நாஷ்டா சாப்பிட்டு முடித்ததும் மாத்திரையை மறக்காதே. இனி நீ திருப்பி மணி அடிக்க வேண்டாம், நான் கூப்பிட்டால் எடு, காசு போனால் போகிறது. "இன்னிக்கும் போவல அத்தா" என்று சொன்னால் போதும். போகாததை என்னிடம் சொல்லப் பயந்தாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. நீ எடுக்கும்வரை அடித்துக்கொண்டே இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அத்தா
ஆசாத்