மொட்டைமாடியில் சாப்பிட்ட மகள்

ஞாயிறு, இரவு.

ஆஸ்பத்திரித் தீட்டு என்று மகளைத் தனியே சாப்பிட வைத்தேனாம். எதிர்வீட்டு சரசா தெருவெல்லாம் சொல்கிறாள். பொய். தட்டை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனவள் காயத்ரிதான்.

சென்னையில் நுரையீரல் மருத்துவ மேற்பயிற்சியில் இருக்கிறாள். காசநோய் வார்டில் வேலை. லீவில் வீட்டுக்கு வந்ததிலிருந்து இருமல். சாப்பிடும்போது தவிர முகக்கவசத்தைக் கழற்றவில்லை. நான் படியேறினேன்.

"கிட்ட வராதம்மா, காத்து உன் பக்கமா அடிக்குது."

"உனக்கு என்னடி?"

"சாயப்பட்டறை நெடிம்மா." சிரித்தாள்.

அந்த நெடியில்தான் பிறந்து வளர்ந்தாள். ஒருநாளும் இருமியதில்லை.

அவர் போனபின் எனக்கு இவள் ஒருத்திதான். இன்று மாலை சென்னைக்குத் திரும்பிவிட்டாள். போனில் கேட்டால் மறுபடியும் சிரிப்பாள். எழுத்தில் பொய் சொல்ல அவளை நான் வளர்க்கவில்லை. காலையில் இப்படிச் செய்தி அனுப்பப் போகிறேன்:

காயத்ரி, சளிப் பரிசோதனை செய்தாயா? முடிவு என்ன? பதிலை எழுதி அனுப்பு.