காத்திருக்கும் முட்டைகள்

வடசேரி, நாகர்கோவில்
18.3.2024

அன்புள்ள அத்தானுக்கு,

அம்மையின் ஆண்டுத் திவசம் முடிந்தது. போனில் பேசினால் சண்டைதான் வரும், அதனால் எழுதுகிறேன்.

போன வருஷம் அம்மை ஆஸ்பத்திரியில் கிடந்து மாப்பிள்ளையைக் கேட்டபோது நீங்கள் வரவில்லை. வளர்ப்புமீன்களின் முட்டை இருக்கும் தென்னைநார்த் தூளை இன்றைக்கே நனைக்கணும், தவறினால் அத்தனையும் செத்துப்போகும் என்றீர்கள். அந்தக் கோபத்தில்தான் அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டேன். அம்மைக்குக் கோபமே இல்லை. “அதும் உயிரில்லியா மக்ளே, பொழைக்கட்டு. பொறவு வரட்டு” என்றாள். இப்போது யோசித்தால், நீங்கள்தான் என்ன செய்வீர்கள்.

விஷுவுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம் என்றிருக்கிறேன். அடுக்களைக் குழாயைச் சரிசெய்தீர்களா?

உங்கள்
ஸ்ரீப்ரியா

வலியசாலை, திருவனந்தபுரம்
25.3.2024

பிரியமுள்ள ஸ்ரீப்ரியா,

உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். குழாய் இன்னும் சொட்டுகிறது.

நீ வருகிறாய் என்று அலமாரியை ஒதுக்கினேன். பின்னால் நார்த்தூள் பொட்டலம் ஒன்று கிடந்தது. நனைக்க வேண்டிய தேதி போய் நாலு மாசம். தண்ணீர் விட்டேன். சாயங்காலத்துக்குள் நாற்பது குஞ்சு.

எனக்கு ஆச்சரியமில்லை, அதுதான் கஷ்டம். கோடையில் வற்றும் குட்டையில் வாழும் சாதி இது. ஆண்மீன் பெண்ணைத் துடுப்பால் போர்த்தித் தூளுக்குள் அமிழ்த்தும், ஒவ்வொரு முட்டையாக விழும். பெற்றதுகள் சில மாசத்தில் போய்விடும். முட்டை மட்டும் காய்ந்த தூளில் மழைக்காகக் காத்துக் கிடக்கும். ஒரு மாசம் பிந்தினால் ஒன்றும் ஆகாது. அன்றைக்கே தொட்டி கழுவ வந்த அனிலும் சொன்னான், “அது அவிடெ கிடக்கும் அண்ணா, நீங்க போயிட்டு வாங்க” என்று.

அத்தையை அந்த நிலையில் பார்க்கப் பயந்தேன். பயம் என்று சொல்ல வெட்கப்பட்டு மீனைச் சொன்னேன். இதை மறைத்து உன்னை வீட்டுக்குள் ஏற்ற மனசு வரவில்லை. மன்னித்துவிடு.

உமாசங்கர்

வடசேரி
9.4.2024

அத்தானுக்கு,

பயமாக இருக்கிறது என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் அம்மையிடம் அதையே சொல்லியிருப்பேன். அவள் சிரித்திருப்பாள்.

முட்டை காத்திருக்காது என்று நம்பியதால்தான் திரும்பி வர நினைத்தேன். இனி வரவில்லை. விஷுவுக்கும் இல்லை, பிறகும் இல்லை. என் சேலைகளை அனிலிடம் கொடுத்தனுப்புங்கள்.

உங்களிடம் இதுவரை சொல்லாதது ஒன்று. கடைசி நாள் கண் திறந்தபோதெல்லாம் “குஞ்சு பொரிச்சாச்சா மக்ளே?” என்றுதான் கேட்டாள். பொரித்தாயிற்று, பஸ் ஏறிவிட்டார் என்று சொன்னேன். வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்ரீப்ரியா