உப்பு ஊறிய தலைகள்

எருக்கலம்பிட்டி,
22.04.2025

அன்பு முஸ்பிரா,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் புள்ளிப் பேட்டுக்கோழி தண்ணீர்ச் சட்டியை விட்டு நகர மாட்டேன் என்கிறது. மற்றவை கிளறப் போன பிறகும் குடிக்கும், தலையைத் தூக்கும், மறுபடி குனியும். வெயில் என்று நினைத்தேன். நேற்றிலிருந்து மற்றப் பேடுகளும் அப்படித்தான். எச்சம் தண்ணீராய்ப் போகிறது. சேவலுக்கு நடக்கும்போது கால் பின்னுகிறது.

நீ என்னிடம் விட்டுப்போன கோழிகளுக்கு நீ சொன்னபடிதான் தீனி போடுகிறேன். காலையில் திறந்து விட்டால் உடை மரத்தடியில் மேய்கின்றன. ஆனால் மழை நின்று புல் கருகிவிட்டது, கறையானும் இல்லை. அந்தியில் தடவிப் பார்த்தால் இரைப்பை பாதிகூட நிரம்பியிருக்காது. அதனால்தான் குறுணலோடு ஷிராஸ் காக்காவின் கருவாடு காயப்போடும் வாடியில் கழிக்கிற மீன்தலைகளையும் போடத் தொடங்கினேன். நீயும் அதைத்தானே போட்டாய்?

உம்மா விடுவதாயில்லை. “தானாச் செத்தாத் தின்ன ஏலாது. உசிரோட இருக்கக்குள்ள அறுத்திரோணும்” என்கிறார். “வெள்ளிக்கிழமை பாப்பம்” என்று வாப்பா சொல்லிவிட்டார்.

நீ படிக்கிற விடுதியில் போன் இல்லை. இது உன் கைக்கு வருமுன் வெள்ளிக்கிழமை வந்துவிடும். தெரிந்தும் எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு உன்னைத் தவிர யாரோடு பேசினேன்? ஹஜ்ஜுப் பெருநாள் லீவுக்கு நீ வந்து வெறுங்கூட்டைப் பார்த்தால் நான் என்ன சொல்வேன்?

உன்
அப்ரா


புத்தளம்,
30.04.2025

என் பயந்தாங்கொள்ளிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம்.

நீ அழுதுகொண்டு எழுதியிருப்பாய். எழுத்துகள் எல்லாம் சரிந்து கிடக்கின்றன. நான் போட்டது அன்றன்று வெட்டின பச்சைத் தலை. அதைத் தின்று ஒரு கோழிக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஷிராஸ் காக்காவிடம் போய்க் கேளடி. அவர் கடிக்க மாட்டார்.

இங்கே விடியுமுன் எழும்ப வேண்டும். சோறு பரவாயில்லை, மீன் சரியில்லை.

இன்னொன்று. வாப்பா இங்கேயே வீடு எடுத்துவிட்டார். உம்மாவும் தம்பிமாரும் வந்துவிட்டார்கள். பெருநாளும் இங்கேதான். இனி அங்கு வருவது எப்போதென்று தெரியவில்லை. கோழிகளுக்காக நீ கிடந்து பயப்படாதே. அறுத்தாலும் நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். கோபிக்காதே, என்ன?

முஸ்பிரா


எருக்கலம்பிட்டி,
05.05.2025

முஸ்பிரா,

அஸ்ஸலாமு அலைக்கும்.

கோபமில்லை.

நீ சொல்லுமுன்பே கேட்டுவிட்டேன். வியாழக்கிழமை அந்தியில் ஒரு மீன்தலையை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். வாயெல்லாம் கரித்தது. அப்போதே உம்மாவிடம் சொன்னேன். “கடல் மீன் கரிக்காம இனிக்குமா?” என்றுவிட்டார். வெள்ளிக்கிழமை காலை வாப்பா கூட்டைத் திறந்து முதலில் சேவலைப் பிடித்தார். அதற்கு ஓடக் கால் வரவில்லை. “கொஞ்சம் பொறுங்கோ வாப்பா” என்று சொல்லிவிட்டு வாடிக்கு ஓடினேன். அங்கே ஆம்பிளைகள் நிறையப் பேர். திரும்பிவிடலாமா என்றிருந்தது.

“ஆரிது, தில்லாரிட மகளா? வாய்க்குள்ள நாக்கிருக்கோ பாப்பம்!” என்றார் ஷிராஸ் காக்கா. எல்லாரும் சிரித்தார்கள்.

“மீன்தலைய எப்ப வெட்டுறீங்க?” என்று கேட்டேன்.

“முந்தி எண்டாப் பச்சையா வெட்டினனாங்கள். இப்ப உப்புத் தொட்டிக்குள்ள ஊறினாப் பிறகுதான், காயப் போடக்குள்ள. ஏன் புள்ள?”

வீட்டுக்கு ஓடி வந்தேன். சேவலை அறுத்துவிட்டிருந்தார்கள். புள்ளிப் பேடு வாப்பாவின் கையில் இருந்தது. “நோயில்ல வாப்பா, உப்பு!” என்று கத்தினேன். நான் கத்தி அவர் கேட்டதில்லை. பேட்டைக் கீழே விட்டார்.

அதன் பிறகு வெறும் குறுணலும் தேங்காய்ப்பூச் சக்கையும்தான். நல்ல தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தேன். ஒரு பேடு மட்டும் தப்பவில்லை. மற்றவை இப்போது மேயப் போகின்றன. சேவல் கறியை நான் தொடவில்லை.

உன் கடிதத்தைக் கூட்டடியில் குந்தியிருந்து வாசித்தேன். வீடு எடுத்த செய்தியில் இரண்டு தரம் நின்றேன். பிறகு மடித்து வைத்துவிட்டு வாடிக்குப் போனேன். உப்பில் போடுமுன் கொஞ்சம் தலை வெட்டித் தருவீங்களா என்று கேட்டேன்.

“ஆரிட கோழிக்கு? முஸ்பிராட கோழிக்கோ?” என்றார் ஷிராஸ் காக்கா.

“என்ர கோழிக்கு” என்று சொல்லி வாளியை நீட்டினேன்.

அப்ரா