கண்ணாடி அறையின் நாற்காலி

7 மார்ச் 1988, திங்கள்

குருண் ஊர் ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் நான் சூப்பர்வைசராகி இன்றோடு ஒரு மாதம். என் வரிசையில் இருபது பெண்கள். "கிழிஞ்சதைத் தனியாப் போடுங்க!" என்று இன்று கத்தினேன். கத்தினேன் என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். எந்திர இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை.

மேனேஜர் மிஸ்டர் கோ தன் கண்ணாடி அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மாலையில் கூப்பிட்டு, மலாயில், "சுவாரா குவாட் சிக்கிட் லா, பிரிஜெட்" என்றார். குரலைக் கொஞ்சம் உயர்த்த வேண்டுமாம். மாதக் கடைசிக்குள் சரிவராவிட்டால் ஸ்டோருக்கு மாற்றிவிடுவாராம்.

ஸ்டோரில் வெறும் பெட்டிகள். பெட்டிகளோடு எனக்கு ஒத்துப்போகும் என்று முதலில் தோன்றியது. பிறகு அப்பாவின் முகம் ஞாபகம் வந்தது. "நம்ம குடும்பத்துலயே மொத டிகிரி, இருபது பேருக்குத் தலைவி" என்று ரப்பர் தோட்டம் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார்.

9 மார்ச், புதன்

குளியலறையில் வாளியைக் கவிழ்த்து, அதற்கு உத்தரவு போட்டுப் பழகினேன். வாளி கேட்டது. "உள்ள யாருடி கூட?" என்று அம்மா கதவைத் தட்டினாள்.

11 மார்ச், வெள்ளி

ஒரு கண்டுபிடிப்பு! அந்த இரைச்சலில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. ஆனாலும் என் பெண்கள் நாள் முழுக்கப் பேசுகிறார்கள் — கைகளால். சங்கிலியில் வரும் பீங்கான் கை அச்சிலிருந்து கையுறையை உருவிப் போட்டுவிட்டு, அடுத்த கை வருவதற்குள் ஒரு சைகை.

கம்பெனி பஸ்ஸில் சைதூனிடம் கேட்டேன். வரிசையில் அவள்தான் சின்னவள். வயிற்றைத் தட்டினால் சாப்பாட்டு நேரம். கால்சட்டையை மேலே இழுத்துவிட்டால் மிஸ்டர் கோ.

"எனக்கு?"

"வேணாம்க்கா."

"சொல்லு லா."

தலையைக் குனிந்து, தரையில் எதையோ தேடிக் காட்டினாள். "காசு தொலைச்சவங்க மாதிரி நடப்பீங்கள்ல... அழகம்மாக்காதான் வச்சாங்க. சத்தியமா நான் இல்லக்கா."

நான் அப்படியா நடக்கிறேன்? பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வரை நிமிர்ந்தே நடந்தேன். சாணியை மிதித்தேன்.

16 மார்ச், புதன்

கழிவறைக்குப் போக வரிசைக்கு இரண்டு மர அட்டைகள் உண்டு. அட்டை கையில் இருந்தால்தான் போகலாம். உற்பத்தி குறைகிறது என்று மிஸ்டர் கோ ஒன்றைப் பிடுங்கிக்கொண்டார். இருபது பேருக்கு ஒரே அட்டை! அறிவிக்க வேண்டியது நான். அறிவித்தேன். இன்று மட்டும் எல்லாருக்கும் நன்றாகக் கேட்டுவிட்டது.

அழகம்மா எங்கள் வரிசையின் மூத்தவர். அவர் குரலுக்கு எந்திரமே பயப்படும். சாப்பாட்டு நேரத்தில், "ஏம்மா பிரிஜெட், டிகிரி படிச்சா ஒன்னுக்கே வராதோ?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். பிறகு அவரே, "பாதிப் பேரு தண்ணியே குடிக்கல தெரியுமா? அட்டைக்குப் பயந்து" என்றார். அவர் மெதுவாகப் பேசி இன்றுதான் கேட்கிறேன்.

மேலே இருப்பவர் சொன்னதைக் கீழே சொல்வது மட்டுமா என் வேலை? கீழே இருப்பவர்கள் சொல்வதை யார் மேலே சொல்வது? நானா? ஐயோ, நானேதானா?

17 மார்ச், வியாழன்

கண்ணாடி அறைக் கதவு வரை போனேன். "பிஸி லா" என்றார். திரும்பிவிட்டேன். கண்ணாடி வழியே எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ தரையில் காசு தேடினார்கள்.

21 மார்ச், திங்கள்

என்ன பேசுவது என்று நேற்றுப் பூசை நேரத்திலேயே யோசித்துவைத்தேன். ஆண்டவர் மன்னிக்கட்டும். 'பாவம் சார் அவங்க' என்று அழக்கூடாது. மிஸ்டர் கோவின் கவலை உற்பத்தி. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

போனேன். டெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு, அப்புறம் வா என்று கையாட்டினார். கால்கள் திரும்பப் பார்த்தன. எதிரே விருந்தாளி நாற்காலி. அதில் எந்தச் சூப்பர்வைசரும் உட்கார்ந்ததில்லை.

உட்கார்ந்துவிட்டேன். (திரும்பினால் மறுபடி யாராவது தரையில் காசு தேடுவார்களே என்றுதான். இதை இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன்.)

அவர் டெலிபோனை வைக்கும்வரை எழுந்திருக்கவில்லை. பிறகு சொன்னேன்: "எல்லாரும் அட்டை எப்ப வரும்னு பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க, சார். கிழிஞ்ச கையுறையை யாரும் பார்க்கல. ரெண்டாவது அட்டையை ஒரு வாரம் குடுங்க. கிழிசல் குறையலன்னா நானே ஸ்டோருக்குப் போறேன்."

அந்த அறைக்குள் இரைச்சல் இல்லை. என் குரலே போதுமாயிருந்தது. அவர் என்னையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடிக்கு வெளியே என் வரிசையும் பார்த்துக்கொண்டிருந்தது. மேசை டிராயரிலிருந்து அட்டையை எடுத்துப் போட்டு, "சத்து மிங்கு" என்றார். ஒரே வாரம்.

ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் நின்று விஷயத்தைச் சொன்னேன். கத்தவில்லை. அழகம்மா கையுறையை உருவிக்கொண்டே, "யாரக் கேட்டுடி பந்தயம் கட்டுன?" என்றார்.

'டி' போட்டது இதுதான் முதல் தடவை. பிடித்திருந்தது.

24 மார்ச், வியாழன்

கிழிந்ததைத் தனியாகப் போடாதவர்களை அழகம்மா முறைக்கிறார். எனக்கே பயமாக இருக்கிறது. தண்ணீர்ப் பானை மதியமே காலி.

28 மார்ச், திங்கள்

குறைந்திருக்கிறது! கொஞ்சம்தான். ஆனாலும் குறைந்திருக்கிறது. மிஸ்டர் கோ அட்டையைத் திருப்பிக் கேட்கவில்லை. ஸ்டோர் பேச்சையும் எடுக்கவில்லை. அடுத்த தடவை கதவைத் தட்டிவிட்டு உட்காரச் சொன்னார். அப்பாவின் இருபது பேர் தப்பித்தார்கள்.

31 மார்ச், பெரிய வியாழன்

வரிசைக் கடைசியில் சைதூனுக்குக் கையுறைகள் ஒட்டிக்கொண்டு உருவ வரவில்லை. என்ன செய்வது என்று அழகம்மாவைப் பார்த்துக் கையை விரித்தாள். அழகம்மா இடது உள்ளங்கையை நீட்டி, வலது முஷ்டியை அதன் மேல் 'பொத்'தென்று உட்கார வைத்தார். இந்தச் சைகையை நான் இதுவரை பார்த்ததில்லை.

சைதூன் உடனே திரும்பி என்னைத் தேடினாள்.