வெட்டிய நான்கு நிமிடங்கள்

திண்டிவனம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள ஜெசிந்தா,

நம் பாட்காஸ்ட்டைத் தற்காலிகமாக நிறுத்துவதாக இன்று காலை அறிவித்துவிட்டேன். எனக்கு உடம்பு சரியில்லை என்று காரணம் சொன்னேன். விழுப்புரத்திலிருந்து ஒரு பெண்மணி, "துடைப்பம், குடை, ஊக்குன்னு பேசிக்கினு இருப்பீங்களே, மறுபடி எப்ப வருவீங்க?" என்று குரல் செய்தி அனுப்பியிருக்கிறார்.

நாற்காலியைப் பற்றிய பகுதியில் நீ பேசியதை வெட்டியது நான்தான். நேரம் அதிகமாகிவிட்டது என்று உன்னிடம் சொன்னது பொய். அது உனக்கும் தெரிந்திருக்கும். அதன்பிறகு நீ பதிவுக்கு வரவே இல்லை.

வெட்டிய நான்கு நிமிடங்களை நேற்று கேட்டேன். கல்லூரியில் படிக்கும்போது எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டு, மறந்துபோன நோட்டை எடுக்கப் பாதி வழியில் திரும்பி வந்திருக்கிறாய். "நான் உக்காந்த சேர உங்கம்மா வாசல்ல போட்டுக் கழுவிக்கினு இருந்தாங்கடி. நோட்ட எடுக்காமலே போய்ட்டேன்" என்கிறாய்.

உடனே என் குரல் கேட்கிறது. "சரி, அடுத்து மடக்கு சேரப் பத்திப் பேசலாம்."

அன்று நீ கிளம்பியதும் அம்மா, "காலனிப் பொண்ணக் கூட்டியாந்து கூடத்துல உக்கார வெக்கிறியே" என்று கத்தினார்.

பதிவை உனக்கு அனுப்பியிருக்கிறேன். உன் பெயரிலேயே வெளியிடு. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள். நீ வாசலைத்தான் பார்த்திருக்கிறாய். கொல்லையிலிருந்து வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது நான்.

இப்படிக்கு,
உன் எதிரில் உட்கார்ந்து கேட்டவள்