விமானப் பலகையின் பின்பக்கம்

மேகமண்டலத்தின் மகாராணியும், ஏர்போர்ட் கவுண்டரில் ஊரார் சூட்கேசுகளுக்கு எடை பார்த்துத் தீர்ப்பு எழுதும் நீதிபதியும், என் அக்காள் பெற்ற ஒரே மகளுமாகிய கேப்டன் அவர்களின் சமூகத்துக்கு,

முப்பத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து, உலகத்துப் பைலட்டுகள் அத்தனை பேரும் சேர்ந்து ஏற்றியதைவிட அதிக ஜனங்களை உயரத்தில் ஏற்றி, அத்தனை பேரையும் பத்திரமாகத் தரையில் இறக்கிவிட்ட உன் மாமா எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம். உன் அம்மாவுக்கு முழங்கால் மட்டும் கொஞ்சம் மக்கர் செய்கிறது. வாய் வழக்கம்போல் முழு வேகத்தில் ஓடுகிறது. அங்கு உன் நலம் அறிய ஆவல்.

முதலில் ஒரு சத்தியம். யாருமே நம்ப முடியாத ஒரு கதையை இந்தக் கடிதத்தில் சொல்லப்போகிறேன். லிஃப்ட் கயிற்றின் மேல் ஆணை. நீயும் நம்பமாட்டாய், தெரியும். ஏழு வயதிலேயே, "மாமா எது சொன்னாலும் பாதிய கழிச்சிடணும், மீதிய அம்மாகிட்ட கேட்டுக்கணும்" என்று சட்டம் போட்டவள் அல்லவா நீ. இந்தத் தடவை கழிக்காமல் கடைசிவரை படி.

கதை நம் வீட்டுத் துணி துவைக்கும் அறையில் நடக்கிறது. வானத்தில் கோட்டை கட்டியவர்கள் ஆயிரம் பேர் உண்டு. வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில், நாலடிக்கு மூன்றடி பிளைவுட் பலகையில் வானத்தையே கட்டியவன் இந்த அண்டசராசரத்தில் ஒருவன்தான். இடிக்கப்போகும் கட்டடங்களின் லிஃப்டுகளிலிருந்து கழற்றிய சுவிட்சுகள், விளக்கு எரியும் பொத்தான்கள், முடிதிருத்தும் நண்பர் தந்த நாற்காலி, உன் பழைய கம்ப்யூட்டர். நான்காம் மாடி என்று எழுதிய பொத்தானை நீ அழுத்தி இன்ஜினைக் கிளப்பினால் ஜன்னலுக்கு வெளியே காக்கைகள் வரிசையில் நின்று, இறங்கலாமா என்று அனுமதி கேட்கும். வாஷிங் மெஷின் துணி பிழியத் தொடங்கியதும் அறையே ஆடும். அது நான் பார்த்துப் பார்த்து அமைத்த புயல் என்று வந்தவர்களிடம் எல்லாம் சொன்னேன். கீழ்வீட்டுத் தையல்காரம்மா மேலே ஏறி வந்து, "அண்ணே, உங்க பிளேனு எப்பண்ணே எறங்கும்? ஊசியில நூல் கோக்க முடியல" என்று கேட்டதும், நான் ஜன்னலோர சீட் வேண்டுமா என்று கேட்டதும் உனக்கு நினைவிருக்கும். பைலட் பயிற்சிக்கு வாடகை விமானத்தில் கிடைத்த நேரம் போதாது என்று ஆறு மாதம் தினமும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பழகினாய்.

போகட்டும். போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய் அல்லவா? உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். மறுபடியும் பரீட்சை எழுதும் ஃபாரத்துக்கு இந்த மாதம் முப்பதாம் தேதிதான் கடைசி என்று அவள் சொன்னதும், நீ சொன்னதும், வாஷிங் மெஷினின் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்த என் காதிலும் விழுந்தது. "அந்தப் பேச்ச விடும்மா. மத்தவங்களுக்கெல்லாம் கை இருக்கு, எனக்கு இருக்கறது அகப்பை. இன்னொரு தடவ போயி நாலு பேர கொல்லணுமா? மாமாகிட்ட சொல்லி அந்தப் பலகையயும் கழட்டிப் போடச் சொல்லு." இதைச் சொல்லிவிட்டு நீ சிரித்தாய். என்னைப் போலவே சிரித்தாய். அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆணையை மீறும் வழக்கம் எனக்கில்லை. திங்கட்கிழமை காலையில் திருப்புளியோடு போனேன். அறுபத்திரண்டு திருகாணிகள். (சரி, இருபத்திரண்டு.) பலகையின் முன்பக்கத்தில் அந்த இரண்டு லீவர்களுக்குக் கீழே உன் உள்ளங்கை பட்டுப் பட்டு வார்னிஷ் போயிருந்தது. கழற்றித் திருப்பிச் சுவரில் சாத்தினேன். பிறகு வெகு நேரம் உன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

லிஃப்ட்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு, கேப்டன். பொத்தான் பலகையின் முன்பக்கம் ஜனங்களுக்கு, பின்பக்கம் எங்களுக்கு. நாங்கள் எந்த வேலையையும் பின்னாலிருந்துதான் செய்வோம். அளவு குறிப்பது, துளை போடுவது, ஒயர் இழுப்பது எல்லாம் பின்னாலிருந்து. இந்தப் பலகையைச் செய்த அன்று உன் புத்தகத்தில் இருந்த காக்பிட் படத்தையும் அதே கைப்பழக்கத்தில் பலகையின் பின்பக்கம் வைத்துக் குறித்து, அறுத்து, ராஜதந்திரி மாதிரி மீசையைத் தடவிக்கொண்டு திருப்பிப் பார்த்தேன். இடது வலதாகி, வலது இடதாகியிருந்தது.

வட்டத் துளைகளைப் பற்றிக் கவலையில்லை. எல்லாம் ஒரே அளவு, மீட்டர்களை மாற்றி மாட்டிவிட்டேன். லீவர்கள்தான் சிக்கல். இறக்கை ஓரத்து ஃபிளாப்பை ஏற்றி இறக்கும் லீவருக்கு நீளமான வழி, மூன்று பள்ளம். சக்கரத்தை உள்ளே இழுக்கும் லீவருக்குக் குட்டை வழி, இரண்டே பள்ளம். ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. புதுப் பலகை அறுக்கவேண்டும். அன்று சாயங்காலம் நீ உன் வகுப்புத் தோழிகள் மூன்று பேரோடு வருவதாக இருந்தது. உலகப் புகழ்பெற்ற காக்பிட் என்று தெரு முழுக்க நான் தம்பட்டம் அடித்தாகிவிட்டது. சக்கரம் இடப்பக்கம், ஃபிளாப் வலப்பக்கம் இருக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சக்கரத்தை வலப்பக்கமும் ஃபிளாப்பை இடப்பக்கமும் வைத்து மூடினேன். அடுத்த வாரம் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். நீங்கள் நால்வரும் கை தட்டினீர்கள். அடுத்த வாரம் வரவே இல்லை.

பத்து நாள் கழித்து நீயே கேட்டாய். "மாமா, புத்தகத்துல சக்கரம் இந்தப் பக்கமில்ல இருக்கு?" அந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன சொல்லியிருக்கவேண்டும்? நான் சொன்னது இது: "அது போன வருஷத்து மாடல். இது இனிமே வரப்போறது. கம்பெனிக்காரன் நேத்து வந்து என் காலப் பிடிச்சிக் கேட்டு, படம் வரைஞ்சிக்கிட்டுப் போயிருக்கான்." நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "சரி மாமா, எங்க இருந்தா என்ன, பழகிக்கிறேன்" என்றாய். அண்டப் புளுகு, ஆகாசப் புளுகு என்பார்களே, என் வாழ்நாளில் நான் விட்ட ஆகாசப் புளுகு அதுதான். உன் தலை அதை நம்பவில்லை. உன் கை நம்பிவிட்டது.

அதுவரை நீ ஓட்டிய சின்ன விமானத்துக்குச் சக்கரம் வெளியே நிலையாக இருக்கும், அந்த லீவரே கிடையாது என்று நீதான் சொல்லியிருக்கிறாய். பரீட்சைக்குப் பெரிய விமானம். தரையைத் தொட்டு ஓடும்போது ஃபிளாப்பை மடிக்கச் சொல்லியிருக்கிறார் பரிசோதகர். உன் கை இடப்பக்கம் போயிருக்கிறது. அங்கே இருந்தது சக்கர லீவர். இழுத்திருந்தால் ஓடும்போதே சக்கரம் மடங்கி விமானம் தரையில் படுத்திருக்கும். அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். இரண்டாவது சுற்றிலும் கை அதே இடத்துக்குப் போனது என்று வீட்டுக்கு வந்து நீ சொன்னபோது நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். "விடு கேப்டன், அந்தாளுக்கு உன்மேல பொறாமை" என்றேன். நீ சிரிக்கவில்லை. மூன்று மாதத்தில் சூட்கேசுக்கு எடை பார்க்கும் வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டாய். நான்தான் உன் பெட்டியைப் படியிறக்கினேன். அப்போதும் வாயில் நகைச்சுவைதான் வந்தது.

செவ்வாய்க்கிழமை உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நாள் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள், "அவகிட்ட நீயே எழுது. சிரிக்க வெக்காம எழுது" என்றாள். மூன்று தாள் கிழித்துப் போட்டேன். அந்த வித்தை எனக்கு வரவில்லை. காக்கையும் கம்பெனிக்காரனும் கையைப் பிடித்துக்கொள்ளாமல் இந்தக் கதைக்குள் என்னால் நடக்க முடியவில்லை. அதற்காகக் கோபித்துக்கொள். மற்றதற்கும் கோபித்துக்கொள். எவ்வளவு நாள் வேண்டுமானாலும்.

புதுப் பலகை அறுத்து மாட்டியாகிவிட்டது. இந்த முறை முன்பக்கத்திலிருந்து குறித்தேன். என்மேல் எனக்கு நம்பிக்கை இல்லாததால் உன் அம்மா முழங்கால் வலியோடு ஸ்டூலில் உட்கார்ந்து, புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, "இடது எது? எழுதற கைக்கு எதிர்க் கை. தெரியுதா?" என்று ஒவ்வொரு கோட்டுக்கும் என்னைக் கேட்டாள். நான்கு தடவை சரிபார்த்துக் கையெழுத்தும் போட்டிருக்கிறாள். கீழ்வீட்டம்மா நாற்காலிக்குப் புது உறை தைத்துக் கொடுத்துவிட்டு, பிளேன் எப்போது ஏறும் என்று கேட்டார்.

உன் கை அகப்பை அல்ல, மகளே. அது மாமா போட்ட வழியில் ஒரு அடி பிசகாமல் போனது. அவ்வளவு விசுவாசமான கை. தப்பான வழியை ஆறு மாதத்தில் கற்றது, சரியான வழியையும் கற்கும். முப்பதாம் தேதிக்குள் அந்த ஃபாரத்தை எழுதிப் போடு. எனக்குப் பதில் எழுத வேண்டாம். என்னோடு பேசவும் வேண்டாம். ஃபாரத்தை மட்டும் போடு. நீ எங்கே ஏறினாலும் நல்லபடியாகத் தரை தொடு.

இப்படிக்கு,
உன் மாமா

பி.கு.: கூட வரும் பார்சலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளைவுட் துண்டு இருக்கும். பழைய பலகையின் பின்பக்கத்திலிருந்து அறுத்தது. பென்சிலில் என் கையெழுத்தில் "தப்பு. இடம் மாத்தணும்" என்றும், நீங்கள் நால்வரும் வந்த அந்த நாளின் தேதியும் இருக்கும். காக்கைகள் வரிசையில் நின்றது பொய். கம்பெனிக்காரன் வந்தது பொய். உலகத்துப் பைலட்டுகளைப் பற்றிச் சொன்னதும் கொஞ்சம் கூட்டித்தான். இந்த மாமா இதுவரை சொன்னவற்றில், யாரிடமும் கேட்காமல், பாதி கழிக்காமல் நீ நம்பலாம் என்றால், அந்தப் பென்சில் எழுத்து ஒன்றைத்தான்.