மூச்சை மெதுவாக விடவும்

அக்கரைச் சிறை
3.11.2024

அன்புள்ள ஷீபாவுக்கு,

உன் கடிதம் வக்கீல் கை வழியாக வந்து சேர்ந்தது. நீ ஆஸ்பத்திரி யோகா வகுப்பில் சேர்ந்த சேதியைச் சத்தமாக வாசித்தேன். நம்ம படகில் வந்த நாகராசு, “மதினி தலைகீழா நிக்குமாண்ணே?” என்கிறான். “நேரா நிக்கும்போதே நான் பயந்துதான்டா இருந்தேன்” என்றேன்.

இங்கே புதிதாக வந்த வார்டருக்குத் தமிழ் தெரியும். “என்ன கேஸ்?” என்று கேட்டார். “மீனுக்கு எல்லைக்கோடு தெரியாது சார். அது பின்னாடி போன எங்களைப் பிடிச்சிட்டீங்க” என்றேன். சிரித்தார். ஆனால் கதவைத் திறக்கவில்லை.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் நல்ல சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு போகிறேன், கல்யாண மாப்பிள்ளை மாதிரி. தேதியைத் தள்ளி வைத்துவிட்டார்கள் என்றதும் திரும்பி வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறேன். உன் யோகாவில் அதற்கு ஏதாவது இருந்தால் எழுது. தொப்பைக்கு வேண்டாம், அது இங்கேயே பாதி கரைந்துவிட்டது.

பிளெஸ்ஸிக்கு முத்தம்.

உன்
செம்மல்

மீமிசல்
17.11.2024

பிளெஸ்ஸி அப்பாவுக்கு,

சேசுவே உங்களுக்குத் துணை. கேலி செய்கிற அளவுக்கு உடம்பில் தெம்பு இருக்கிறதே, அதுவே போதும்.

நான் அழகுக்காகப் போகவில்லை. தேதி தள்ளிப் போகிற அன்றெல்லாம் பிரஷர் ஏறுகிறது. டாக்டரம்மாதான் போகச் சொன்னார். சொல்லிக்கொடுப்பது சிவரஞ்சனி என்கிற பொண்ணு, துடைப்பக்குச்சி மாதிரி இருக்கும். அடுத்த வீட்டுச் சந்தனமேரி வழியில் மறித்து, “சிலுவை போட்ட கையால சூரியனைக் கும்புடப் போறியாக்கும்?” என்றாள். “நம்ம பங்குச் சாமியாரே முட்டுவலிக்கு வந்து பின் வரிசையில உக்காந்திருக்காரு, போய்க் கேளு” என்றேன். மறுநாள் அவளும் பாயோடு வந்துவிட்டாள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். சுவரில் சாயாமல் உட்காருங்கள். கண்ணை மூடி மூச்சை மெதுவாக இழுங்கள். இழுத்ததைவிட மெதுவாக விடுங்கள். விடும்போது நான் ‘சேசுவே’ என்கிறேன். நீங்கள் என்னைத் திட்ட வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளுங்கள். ஆனால் மெதுவாக. கோர்ட்டிலிருந்து திரும்பிய அன்றைக்குக் கட்டாயம் செய்ய வேண்டும்.

ஷீபா

அக்கரைச் சிறை
8.12.2024

அன்புள்ள ஷீபாவுக்கு,

உன் யோகாவால் சிறையே ஆடிவிட்டது. போன வாய்தா தள்ளிப் போனதும், நீ சொன்னபடி நம்ம படகுப் பையன்களை வரிசையாக உட்கார வைத்தேன். சோற்று வண்டி வந்த நேரம். எல்லாரும் கண்ணை மூடி, வாயைத் திறக்காமல் இருக்கிறோம். வார்டர் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, உண்ணாவிரதம் என்று நினைத்து மேலதிகாரியைக் கூட்டிவர ஓடினார். அதிகாரி வந்து, “என்ன கோரிக்கை?” என்கிறார். நல்லதம்பி கண்ணைத் திறக்காமலே, “குழம்பு கொஞ்சம் கூட ஊத்தணும் சார்” என்கிறான்.

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அன்றைக்கு நான் சுவரைப் பார்த்துப் படுக்கவில்லை. இதை உன்னிடம் ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

இப்போது நல்ல சேதி. அடுத்த வாய்தாவில் எல்லாரையும் விட்டுவிடுவார்களாம், வக்கீல் அடித்துச் சொல்கிறார். படகு கிடைக்காது. போகட்டும். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருப்பேன். விளமீன் குழம்பு வை, புளி குறைவாக.

உன்
செம்மல்

மீமிசல்
23.12.2024

பிளெஸ்ஸி அப்பாவுக்கு,

வேன் வந்தது.

நானும் பிளெஸ்ஸியும் காலையிலேயே போய் ரோட்டில் நின்றோம். அவள் புது கவுன் போட்டிருந்தாள். நாகராசு இறங்கினான். நல்லதம்பி இறங்கினான். மற்றவர்களும் இறங்கினார்கள். ஆளாளுக்குக் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். நான் வேனுக்குள் எட்டிப் பார்த்தேன். பின் சீட்டில் படுத்துத் தூங்குகிறீர்கள் என்று நினைத்தேன். டிரைவர், “அம்புட்டுத்தாம்மா, வண்டி காலி” என்றார்.

“அண்ணந்தான் படகை ஓட்டுச்சுன்னு தனியா நிறுத்திட்டாங்க மதினி. ஒன்றரை வருசம் செயிலாம்” என்றான் நாகராசு. சொல்லி முடிக்கும்வரை என் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

குழம்பைச் சந்தனமேரி வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். மூச்சை இழுக்க முடிந்தது. விடத்தான் முடியவில்லை.

ஷீபா

அக்கரைச் சிறை
12.1.2025

அன்புள்ள ஷீபாவுக்கு,

மற்றவர்கள் பெயரை ஒரு தாளில் வாசித்தார்கள். என் பெயர் வேறு தாளில் இருந்தது. துவைத்த சட்டையோடு நின்றேன். பையன்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். நான் கையை ஆட்டினேன். ஏதோ கிண்டல் கூடச் செய்தேன், என்னவென்று ஞாபகமில்லை.

அறைக்கு வந்து நீ சொன்ன மாதிரி உட்கார்ந்தேன். ஒன்றும் ஆகவில்லை ஷீபா. பக்கத்தில் யாரும் இல்லாமல் உட்கார்ந்தால் அது வெறும் மூச்சுதான். சோறு வந்தது, எழுந்து வாங்கிச் சாப்பிட்டேன். அதைத் தவிர எழுத ஒன்றுமில்லை.

வக்கீல் அப்பீல் போடுகிறார். அதற்கும் தேதி வரும். ஆனால் இனிமேல் எந்தத் தேதியையும் உனக்கு எழுத மாட்டேன். பிள்ளைக்குப் புது கவுன் போட்டுக் கூட்டிக்கொண்டு போய் நீ காலி வண்டிக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. ஒரு நாள் நானே வந்து கதவைத் தட்டுகிறேன். அதுவரை ஆள் இல்லை என்றே நினைத்துக்கொள்.

செம்மல்

மீமிசல்
2.2.2025

பிளெஸ்ஸி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு வகுப்புக்குப் போனேன். கண்ணை மூடச் சொன்னதும் அழுதுவிட்டேன். சிவரஞ்சனி தடுக்கவில்லை. ஒரு துண்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, “விடும்போது மெதுவா விடுங்கக்கா” என்று மட்டும் சொன்னது. அழுதுகொண்டே விட்டேன். வீட்டுக்கு வந்து பிளெஸ்ஸிக்குத் தோசை ஊற்றினேன்.

இது உங்களுக்குத் தெரியாது: முன்னெல்லாம் வாய்தா தள்ளிப் போனால் இந்த வீட்டில் இரண்டு நாள் அடுப்பு எரியாது. பிள்ளை அடுத்த வீட்டில்தான் சாப்பிடும். இப்போது அன்றைக்கே தோசை ஊற்றுகிறேன். யோகாவில் எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். துக்கம் குறையவில்லை.

ஆள் இல்லை என்று நினைக்கச் சொல்கிறீர்கள். அதற்கு எந்த ஆசனமும் கிடையாது. வண்டி காலியாக வந்தாலும் எட்டிப் பார்க்க வேண்டியவள் நான்தான்.

தேதியை எழுதுங்கள்.

ஷீபா